மண் சுமந்த வீடு

என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில், காரணம் தெரியாத வழக்கம் எதுவானாலும் அதற்கு ஒரே விளக்கம்தான் சொல்வார்கள்: டச்சுக்காரன் காலத்திலிருந்து இப்படித்தான். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, துணி வாங்கி விற்று, செத்து, கல்லறைக்குள் போய் எத்தனையோ தலைமுறைகள் ஆகிவிட்டன. கோட்டை இருந்த இடத்தில் முள்மரங்கள் மண்டிக் கிடக்கின்றன. ஆனால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கும் அந்தக் குப்பத்தில் மட்டும் டச்சு ஆட்சி இன்னும் முடியவில்லை. தன் தாத்தாவின் தகப்பன் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிகிற ஆள்கூட, டச்சுக்காரன் காலத்துச் சட்டத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்போல் ஒப்பிப்பார். அந்தச் சட்டங்களில் ஒன்றாவது சொல்பவருக்கு நஷ்டம் தருவதாக இருந்து நான் கேட்டதில்லை.

அம்மா இறந்த பிறகு ஆரம்பாக்கத்திலிருந்து என்னை அக்கா தன்னோடு அழைத்து வந்துவிட்டாள். படகில் ஏரியைக் கடந்து, பேருந்து பிடித்து, பொன்னேரிக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினேன். பட்டம் வாங்கிய அதே வருடத்தில், கடலிலிருந்து திரும்பும்போது முகத்துவாரத்து அலையில் படகு கவிழ்ந்து அக்காவின் கணவர் இறந்துபோனார். அக்காவுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஏரி பெரிது, ஆனால் இறால் எல்லா இடத்திலும் ஓடாது. நீரோட்டம் விழும் சில இடங்களில்தான் வலை கட்டினால் பயன் உண்டு. அந்த இடங்களுக்காக வெட்டிக்கொள்ளாமல் இருக்க ஊர் செய்துகொண்ட ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். வீடுகள் முறை வைத்து வலை கட்டும். யாருக்கு எந்த இடம் என்பதைப் பருவத் தொடக்கத்தில் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். பேராசைக்குக் கடிவாளம் போட மனிதர்கள் கண்டுபிடித்த நல்ல முறைகளில் இதுவும் ஒன்று என்றே இன்றும் நினைக்கிறேன். என் ஏளனம் அந்த ஏற்பாட்டின்மீது அல்ல. அதன்மேல் கால் நீட்டிப் படுத்திருந்தவர்கள்மீது.

பாட்டில் உரிமையுள்ள வீட்டைத் தலைக்கட்டு என்பார்கள். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் வலையில் மிதப்பாகக் கட்டுகிற மரக்கட்டை ஒன்று, அந்த வீட்டின் குறி செதுக்கப்பட்டு, அம்மன் கோயிலை ஒட்டிய வலைக்கொட்டகையில் கயிற்றில் கோத்துத் தொங்கும். குலுக்கல் அன்று அந்தக் கட்டைகளைத்தான் பானையில் போடுவார்கள். வீட்டுத் தலைவன் இறந்தால் கட்டை மகன் பேரில் தொடரும். மகன் இல்லாவிட்டால் கருமாதி அன்று ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் அந்தக் கட்டையைக் கயிற்றிலிருந்து அறுத்து விதவையின் கையில் கொடுத்துவிடுவார்.

அக்காவின் கையிலும் கொடுத்தார். பிறையும் அதன் கீழே இரண்டு கோடும் செதுக்கிய கட்டை.

“இந்தாம்மா, இத்த வூட்ல பத்ரமா வெச்சிக்கோ. ஆம்பள இல்லாத வூட்டுக்குப் பாடு கெடையாது. டச்சுக்காரன் காலத்துலேர்ந்து அப்டித்தான். அதுக்குன்னு ஊரு உன்ன உட்ராது. பாடு நாள்ல ஒரு கூட எறா வூடு தேடி வரும்.”

அக்கா கட்டையைப் புரட்டிப் பார்த்தாள். “அடுப்புல வெக்கவா குடுக்கறீங்க, மாமா?” என்று கேட்டாள்.

அவர் அதைத் துக்கத்தில் பேசிய பேச்சாக எடுத்துக்கொண்டு பெருந்தன்மையோடு மன்னித்தார். மன்னிக்கிற இடத்தில் தன்னை வைத்துக்கொள்வதில் அவருக்கு இணையான ஒருவரை நான் பார்த்ததில்லை.

அக்கா கேட்டது பெரிய விஷயம் எதுவும் இல்லை. கட்டை கயிற்றில் தொங்கினால் தன் முறை வரும் நாளில் பங்குக்கு ஆள் வைத்து வலை கட்டுவாள்; மகளைப் படிக்கவைப்பாள்; ஊரில் ஒரு வீடாக இருப்பாள். தொங்காவிட்டால் ஊரில் இருப்பாள், வீடாக இருக்க மாட்டாள். யாரோ இரக்கப்பட்டு அனுப்பும் கூடைக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். முதல் கூடை வந்தபோது அக்கா அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வலைக்கொட்டகையில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த கூடையையும் அதே இடத்தில் வைத்தாள். மூன்றாவது கூடை வரவில்லை. தர்மம் செய்வதில் அந்த ஊருக்கு இருந்த ஆர்வம் அவ்வளவுதான்.

ஆள் வைத்து வலை கட்டுவது ஊருக்குப் புதிதும் அல்ல. பெரியதனக்காரரின் தம்பியே பல வருடங்களாக மஸ்கட்டில் இருந்தார். அவர் கட்டை கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவிதான் ஆள் வைத்துப் பாட்டை நடத்தினார். இதைக் கேட்டுவிடலாம் என்று பெரியதனக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் பைக் சாவியால் காது குடைந்துகொண்டு, இரண்டு ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். மணலில் ஓட்ட முடியாத அந்த பைக் ஏரிக்கு அக்கரையில் நின்றது. சாவி மட்டும் பதவிச் சின்னமாக எப்போதும் அவர் கையில் இருக்கும்.

“உங்க தம்பி வீட்டுக் கட்டை தொங்குதே மாமா. அவரும்தான் ஊர்ல இல்லை.”

“அவன் உசிரோட கீறான்மா.”

“இங்க இல்லியே. அத்தைதான ஆள் வெச்சி வலை கட்றாங்க? அக்காவும் அதத்தான கேக்குறா?”

“இங்க இல்லன்னா இன்னா? ஒலகத்துல கீறான் இல்ல? இன்னாத்துக்குமா உன்ன பொன்னேரி வரைக்கும் அனுப்பிப் படிக்க வெச்சாங்க? உசிருக்கும் பொணத்துக்கும் வித்தியாசம் தெர்ல உனக்கு.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சாவியைத் துடைத்துக்கொண்டார். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, கேட்டவரின் படிப்பைப் பழிப்பது அறிவில்லாதவர்களின் பழைய தந்திரம். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால், வந்த காரியத்தை மறந்து படிப்புக்கு வக்கீலாக நிற்க வேண்டியிருக்கும். வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் பழவேற்காட்டில் பேருந்துக்குப் போகும் வழியில் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் கம்பிக் கதவருகே நின்றேன். கதவைப் பூட்டிக் காவல் வைத்துப் பாதுகாக்கிறார்கள். உள்ளே கிடக்கும் கற்களில் ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் பெயர் வெட்டியிருக்கிறது. கடல் கடந்து வந்து வியாபாரத்துக்காக எதையும் செய்த அந்தக் கூட்டத்தின்மீது எனக்கு மரியாதை எதுவும் இல்லை. ஆனால் செத்துப்போன பெண்ணின் பெயரைக் கல்லில் வைத்துவிட்டுப் போனவர்களைச் சாட்சிக்கு இழுத்து, உயிரோடு இருக்கும் பெண்ணின் குறியைக் கயிற்றிலிருந்து அறுக்கிறார்களே என்று நினைத்தபோது சிரிப்புதான் வந்தது.

என்ன செய்யலாம் என்று அந்த நாட்களில் நிறைய யோசித்தேன். பொன்னேரியில் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். பெரியதனக்காரரை அழைத்துக் கேட்பார். இவர் கையைக் கட்டிக்கொண்டு ‘ஆகட்டும் ஐயா’ என்பார். படகில் திரும்பி வந்ததும் ஊர்க்கட்டு போடுவார். அதன் பிறகு அக்காவை யாரும் படகில் ஏற்ற மாட்டார்கள், ஐஸ் தர மாட்டார்கள், அவள் வீட்டு நல்லது கெட்டதற்கு வர மாட்டார்கள். மனு பொன்னேரியில் இருக்கும். அக்கா மணல்மேட்டில் இருப்பாள். சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. வேறு கதவே இல்லாதபோது அந்தக் கதவைத் தட்டத்தான் வேண்டும். ஆனால் தட்டுகிறவள் திரும்பிப் போய்ப் படுக்கும் இடம் எது என்று யோசிக்காமல் தட்டச் சொல்வது அறமாகாது.

இப்படி யோசிக்கத் தெரியாத ஒருவரும் எங்களிடம் வந்து சேர்ந்தார். சென்னையில் உரிமைகளுக்காகப் போராடும் ஓர் அமைப்பை நடத்திவந்தவர். கல்லூரிக்கு ஒருமுறை பேச வந்தபோது பழக்கம். எல்லாரையும் தோழர் என்று அழைப்பார். ஒருவர் பெயரையும் நினைவு வைத்துக்கொள்ளாமல் இருக்க அது வசதியாக இருந்தது. அக்காவின் கதையைக் கேட்டதும் அவர் கண்களில் தெரிந்தது கோபம் அல்ல, பசி. அடுத்த வாரமே ஒரு ஃப்ளெக்ஸ் பேனருடன் படகில் வந்து இறங்கினார். அதில் அக்காவின் படம், ஆளுயரத்தில். கல்யாணப் படத்திலிருந்து கணவரை வெட்டிவிட்டு எடுத்திருந்தார்கள்.

“யார கேட்டு என் படத்த போட்டீங்க?” என்றாள் அக்கா.

“இது உங்க படம் இல்லம்மா. ஒடுக்கப்பட்ட எல்லாப் பெண்களோட முகம்.”

“மூஞ்சி என்துதான?”

அவர் என் பக்கம் திரும்பி, “தோழர், இவங்களுக்கு இன்னும் அரசியல்படுத்தல் தேவைப்படுது” என்றார். பொன்னேரியில் சாலை மறியல் செய்வதாகத் திட்டம். ‘மறியல் முடிந்த பிறகு என்ன நடக்கும்?’ என்று கேட்டேன். செய்தி ஆகும் என்றார். ‘செய்தி ஆன பிறகு?’ என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். நம்பிக்கை இல்லாதவர்களைப் பார்க்கும் பார்வை அது. பிறர் கழுத்தைப் பணயம் வைக்கிறவர்களுக்கு நம்பிக்கை எப்போதும் அதிகமாகவே இருக்கும்.

அந்த வருடம் மழை பொய்த்தது. கடல் தள்ளிய மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட்டது. கடல்நீர் உள்ளே வராமல் ஏரி வற்றிப் பாசி நாற்றம் எடுத்தது. கடலிலிருந்து நீர் ஏறினால்தான் இறால் குஞ்சு ஏரிக்குள் வரும். வராவிட்டால் பாடும் இல்லை, பருவமும் இல்லை. அரசாங்க இயந்திரம் வரும் வரும் என்று சொன்னார்கள். வரவில்லை. இப்படி ஆகும்போதெல்லாம் ஊரே கூடி மணலை வெட்டி வாயைத் திறப்பது வழக்கம். தலைக்கட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோ கூடையோ எடுத்துக்கொண்டு வந்தாக வேண்டும். ஆனால் இளவட்டங்கள் பாதிக்குமேல் எண்ணூர்ப் பக்கமும் கும்மிடிப்பூண்டிப் பக்கமும் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார்கள். ஆள் போதவில்லை. பெரியதனக்காரர் தண்டோராக்காரரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தார். அவசரத்தில் எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்.

“வூட்டுக்கு ஒரு ஆளு வரணும். மண்ணு சொமக்காத வூடு ஊருக்கு ஆவாது. இப்பவே சொல்லிட்டேன்.”

அக்கா வாசலுக்கு வந்தாள். “எந்த வூடு, மாமா?”

“இந்த வூடுதான். பின்ன எந்த வூட்டு வாசல்ல வந்து நிக்கறேன்?”

தண்டோராக்காரர் பறையை ஒருமுறை தட்டிவிட்டு அவர் பின்னாலேயே போனார்.

அக்கா கதவை அறைந்து சாத்தினாள். “என் கட்டைய அறுத்தவன் வாய்க்கு நான் மண்ணு சொமக்கணுமா? போ மாட்டேன். ஏரி காஞ்சா காயட்டும்.” செய்தி எப்படியோ தோழருக்கும் போயிருந்தது. போனில் உற்சாகமாகப் பேசினார். மறுக்க வேண்டும், முகத்துவாரத்தில் போய் உட்கார்ந்து வேலையைத் தடுக்க வேண்டும், கேமராவுக்குச் சொல்லியாகிவிட்டது.

அக்காவின் கோபம் நியாயமானது. தோழரின் யோசனை அந்தக் கோபத்துக்கு இனித்தது. அதனாலேயே எனக்கு அது பயமாக இருந்தது. ஏரி காய்ந்தால் பெரியதனக்காரர் வீட்டில் ஒரு வேளைச் சோறுகூடக் குறையாது. அன்றன்றைக்கு நண்டு பொறுக்கி விற்கிற வீடுகள்தான் பட்டினி கிடக்கும். அந்தப் பட்டினிக்குக் காரணம் யார் என்று கேட்டால் மணலைக் காட்ட மாட்டார்கள், அக்காவைக் காட்டுவார்கள்.

“அக்கா, நீ வீடுன்னு அவரே வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போயிருக்கார். இப்ப நீ போகலைன்னா, வீடு இல்லைன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. குலுக்கல் அன்னிக்கு மொதல்ல இன்னா கேப்பாரு, ஞாபகம் இருக்கா?”

குலுக்கல் நாள் கேள்விகளை நாங்கள் இருவருமே மண் வெட்டிய வருடங்களிலெல்லாம் வேலிக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறோம். பானையில் கட்டைகளைப் போடுவதற்கு முன்னால் ‘மண் சுமக்காத வீடு எது?’ என்று கேட்பார். அந்த வீட்டுக் கட்டையை எடுத்துவிடுவார்கள். பிறகு ‘மண் சுமந்த வீடெல்லாம் கட்டை போட்டாயிற்றா?’ என்று கேட்பார். இரண்டுக்கும் தண்டோராக்காரர் அம்மன் வாசற்படியில் கை வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா எழுந்துபோய், கூரையில் செருகியிருந்த மீன்கூடையை எடுத்து உதறினாள். “சாணி மொழுகினதெல்லாம் உதிர்ந்து கெடக்குது” என்று மட்டும் சொன்னாள்.

முகத்துவாரத்தில் ஆண்கள் வரிசையாக நின்று வெட்டினார்கள்; வெட்டிய மணலைக் கூடைகள் மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டின. மஸ்கட்காரர் மனைவியும் வந்திருந்தார். ஒவ்வொரு முறையும் கூலிக்கு ஆள் அனுப்புகிறவர். இந்த முறை கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சுமந்தார். அக்கா நிமிர்ந்தே சுமந்தாள்.

அவளுக்கு மச்சான் முறையாக வேண்டிய ஒருவன், ஊரில் வாய்ச்சவடாலுக்குப் பேர்போனவன், அவள் கூடைக்கு மண் வெட்டினான்.

“அண்ணி, இதெல்லாம் உங்களுக்கு இன்னாத்துக்கு? போயி எங்களுக்குக் கஞ்சி எட்த்துனு வாங்க.”

“கஞ்சி உன் பொண்டாட்டி எட்த்தாருவா. நீ மண்ண வெட்டு மச்சான். எவ்ளோ நேரமா என் கூட காலியா நிக்குது பாரு.”

“அண்ணன் உங்கள எப்படித்தான் வெச்சிக் காலம் தள்ளினாரோ.”

“அவரு மண்வெட்டிய ஒழுங்கா புடிப்பாரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்து வேகமாக வெட்டத் தொடங்கினான். அதன் பிறகு கூடை காத்திருக்கவில்லை.

தோழரும் வந்தார், கேமராவோடும் அந்தப் பேனரோடும். மறியல் இல்லை என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் வந்ததற்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போக வேண்டுமே. “அம்மா, கொஞ்சம் தளர்ந்துபோய் அந்த மேட்டுல உட்காருங்க” என்றார்.

“நான் தளந்துட்டா கூடைய யாரு தூக்கறது, நீயா?”

படத்துக்காக அவரே ஒரு கூடையைத் தூக்கினார். பாதி மேட்டில் கொட்டிவிட்டு, வெயில் அதிகம் என்று படகின் நிழலில் போய்ப் படுத்தார். மாலையில் புறப்படும்போது பேனரை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார், அல்லது விட்டுவிட்டார். அதன் பிறகு அவர் எங்களைத் தேடவில்லை. நடக்காத போராட்டத்தில் அவருக்கு வேலை இல்லை.

மண் வெட்டி முடித்த அன்று, கடைசிக் கரை தானாகவே இடிந்து கடல் உள்ளே பாய்ந்தது. நுரையும் மணலுமாக, கோபித்துக்கொண்டு போன ஆள் வீடு திரும்புவதுபோல் நீர் ஏரிக்குள் ஏறியது. எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். அந்தச் சில நிமிடங்கள் மட்டும் அந்த ஊரில் யார்மீதும் எனக்கு வெறுப்பு இல்லை.

குலுக்கல் நாள் வந்தது. ஆண்கள் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல் பழைய வலை கட்டிய வேலிக்குப் பின்னால் நின்றோம். கூட்டத்தில் பெண் பேசக்கூடாது என்பதும் டச்சுக்காரன் காலத்துச் சட்டம்தான். அக்காவின் முந்தானை முடிச்சில் கட்டை இருந்தது.

பெரியதனக்காரர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். “மண்ணு சொமக்காத வூடு எது?”

தண்டோராக்காரர் படியில் கை வைத்து, வராத இரண்டு வீடுகளைச் சொன்னார். அவற்றின் கட்டைகளை எடுத்துவைத்துவிட்டு, மற்றவற்றைப் பானையில் போட்டார்கள்.

“மண்ணு சொமந்த வூடெல்லாம் கட்ட போட்டாச்சா?”

‘போட்டாச்சி’ என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதிலுக்குக் காத்திராமலே பெரியதனக்காரர் பானையைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டார். தண்டோராக்காரர் படியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவருக்கு அக்காமீது அன்பு ஒன்றும் கிடையாது. நியாயத்தின்மீதும் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. அம்மன் படியில் பொய் சொன்னால் மகனின் படகு திரும்பாது என்ற பயம் இருந்தது. சில ஊர்களில் நியாயத்துக்கு அந்த அளவு துணைதான் கிடைக்கும்.

“ஒரு வூடு பாக்கி, பெரிநைனா.”

“எந்த வூடு?”

“நீங்க வாசல்ல நின்னு கூப்ட்டீங்களே, அந்த வூடு.”

கூட்டம் வேலிப் பக்கம் திரும்பியது. பெரியதனக்காரர் கொஞ்சம் யோசித்தார். அந்தக் காட்சியே அபூர்வமானது. “அது பொம்பள சொமந்தது. அது கணக்குல வராது” என்றார்.

மச்சான் எழுந்தான். “வராதுன்னா? நான் வெட்டின மண்ணத்தான் அவங்க சொமந்தாங்க. அவங்க சொமந்தது கணக்குல இல்லன்னா நான் வெட்டினது மட்டும் எப்படிக் கணக்குல வரும்? என் கட்டையும் எடுத்துருவீங்களா?” அவனுக்கும் அக்காவைப் பற்றிக் கவலை இல்லை, தன் கட்டை போய்விடுமோ என்றுதான் பதறினான். இருந்தாலும் சரியான இடத்தில் பதறினான்.

அப்போது வேலிக்குப் பின்னாலிருந்து மஸ்கட்காரர் மனைவி பேசினார். கூட்டத்தில் பேசக்கூடாது என்பதால் யாருக்கும் சொல்லாமல், வலையைப் பார்த்துச் சொன்னார்.

“எங்க வூட்டுக்கும் நான்தான் சொமந்தேன். அதுவும் பொம்பள சொமந்ததுதான். அப்ப எங்க கட்டையையும் எடுத்துரச் சொல்லுங்க. அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிர்றேன்.”

உயிருக்கும் பிணத்துக்கும் வித்தியாசம் தெரிந்த அந்தப் பெரிய மனிதர் தன் தம்பியின் கட்டை தொங்கிய கயிற்றைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். எங்கள் வேலியைப் பார்த்தார். கூட்டத்தில் யாரும் அவருக்கு உதவ வரவில்லை. அவரவர் கட்டை பானைக்குள் பத்திரமாக இருக்கிறதா என்பதில்தான் எல்லாருடைய கண்ணும் இருந்தது. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவரே கேட்ட கேள்வி, அவரே நின்ற வாசல். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. என்னிடமிருந்து ஒரு சொல் வந்திருந்தால் பேச்சு உடனே என் படிப்பின் பக்கம் திரும்பியிருக்கும்.

“சரி. போடச் சொல்லு. இந்த வருசத்துக்கு மட்டும்.”

அக்கா வேலியைத் தாண்டி நடந்துபோய் முடிச்சை அவிழ்த்துக் கட்டையைப் பானையில் போட்டாள். திரும்பும்போது, “அடுத்த வருசமும் மண்ணு மூடும், மாமா” என்றாள்.

குலுக்கலில் அவளுக்கு விழுந்தது கடைசித் தரமான இடம். நண்டு அதிகம், வலையைக் கிழித்துவிடும். இரண்டு பேரைப் பங்குக்கு வைத்து வலை கட்டினாள். கிழிந்ததை உட்கார்ந்து பின்னினாள். தோழரின் பேனரை வலையும் விறகும் நனையாமல் மூடுவதற்கு வைத்துக்கொண்டாள். காற்றடிக்கும்போது அவள் முகத்தில் பாதியும் ‘உரிமை’ என்ற சொல்லில் பாதியும் வெளியே தெரியும். உரிமையின் மேல் அந்த அமைப்பு செலவழித்ததில் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அடுத்த வருடமும் மண் மூடியது. அக்கா சுமந்தாள். அவளோடு இன்னும் இரண்டு விதவைகள் கூடையோடு வந்தார்கள். அவர்கள் கட்டைகளும் பானையில் விழுந்தன. அதற்கடுத்த வருடம் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மகன் இல்லாத வீட்டின் கட்டையைக் கருமாதி அன்று அறுப்பதும் நின்றுபோயிற்று.

சில வருடங்கள் கழித்து, சென்னையிலிருந்து கல்லறைகளைப் பார்க்க வந்த ஒரு கூட்டம் ஏரியையும் பார்க்க வேண்டும் என்று படகில் குப்பத்துக்கு வந்தது. பெரியதனக்காரர் அவர்களை வலைக்கொட்டகைக்கு அழைத்துப்போய்க் கயிற்றைக் காட்டினார். அக்காவும் நானும் பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

“எங்க ஊர்ல பொம்பளைங்களுக்கும் பாட்டுல உரிமை உண்டு சார். புருசன் போய்ட்டாலும் கட்டைய அறுக்க மாட்டோம். டச்சுக்காரன் காலத்துலேர்ந்து அப்டித்தான்.”

ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். இன்னொருவர், எவ்வளவு முற்போக்கான சமூகம் என்று வியந்தார். என் வாய்வரை ஒரு வாக்கியம் வந்தது. அங்கேயே நிறுத்தி, அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒரு மாலைப்பொழுது அவமானம். சொல்லாமல் விட்டால், அந்தக் கயிற்றில் இனி எவனும் கத்தி வைக்க முடியாது. அவர் பொய்யே அதற்குக் காவல் நிற்கும். காவலுக்கு நிற்பது எவ்வளவு அற்பமானது என்று எனக்குத் தெரியும். அற்பமான நாயும் வாசலில் கிடந்தால் திருடன் வருவதில்லை. வாக்கியத்தை விழுங்கிவிட்டேன்.

அக்கா விழுங்கவில்லை. வலையிலிருந்து நிமிராமல், அவருக்குக் கேட்கும்படி சொன்னாள்.

“அப்ப டச்சுக்காரன் காலத்துலேர்ந்து எனக்கு வரவேண்டிய மொறையெல்லாம் சேத்து எப்ப குடுக்கப் போறீங்க, மாமா?”

வந்தவர்கள் அதை நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சாவியைத் தேடிக்கொண்டு. அக்கா, கயிற்றில் தொங்கிய கட்டையைப் போலவே பிறையும் இரண்டு கோடும் செதுக்கிய மிதப்பை வலையில் இறுக்கிக் கட்டிவிட்டு, மறுநாள் தன் முறை என்பதால் பங்குக்கு வைத்த ஆட்களுக்குச் சொல்லிவிட்டு வரப் படகுத்துறைக்கு நடந்தாள்.